சுக்கிரனைச் சனி பார்த்தால் கல்யாணத்தில் சுதந்திரம் போய்விடுமா?

உங்கள் கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. நட்சத்திரப் பொருத்தம் பத்துக்கு எட்டு வந்திருக்கிறது. ஆனால் ஊர் ஜோதிடர், உங்கள் ஜாதகத்தில் திருமணத்தைக் குறிக்கும் 7ஆம் இடத்தையும் சுக்கிரனையும் சனி பார்ப்பதாகச் சொல்லி, கட்டுப்பாடான வாழ்க்கைதான் அமையும் என்கிறார். நீங்கள் விரும்புகிறவரின் பிறந்த தேதியை ஒரு ஆப்பில் போட்டுப் பார்த்தால், அவருக்குச் சுக்கிரனும் யுரேனஸும் 90 பாகையில் நிற்பதால் எந்த உறவிலும் நிலைக்க மாட்டார் என்று வருகிறது. இதில் எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரியில், வேலையை விடாமல், சம்பளம் என் கையில் இருக்க, நான் நானாகவே வாழ முடியுமா என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. கிரகப் பார்வை அதற்கு எவ்வளவு தூரம் பதில் சொல்லும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதைப் பிரித்துச் சொல்கிறேன். நீங்கள் கொடுத்த விவரங்களையே எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு 1994 ஜூலை 20ஐ ஒட்டி, பின்னிரவு 2 மணி 10 நிமிடம், ரிஷப லக்னம் (பிறந்த நேரத்தில் கிழக்கில் உதித்த ராசிதான் லக்னம், அதை 1ஆம் இடமாக வைத்து மற்ற இடங்களை எண்ணுவோம்). அவருக்கு 1992 ஏப்ரல் மூன்றாம் வாரம், நேரம் தெரியாது.

முதலில் அந்த எட்டுப் பொருத்தத்தை ஓரமாக வைத்துவிடலாம். தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை ஆகிய பத்துமே இருவரின் ஜென்ம நட்சத்திரத்தையும் ராசியையும், அதாவது சந்திரன் நின்ற இடத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுபவை. சுக்கிரன் எங்கே, சனி யாரைப் பார்க்கிறது என்பது அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. ஆகவே பொருத்தம் எட்டு என்பதற்கும் பார்வை சரியில்லை என்பதற்கும் முரண்பாடு கிடையாது. இரண்டும் வேறு வேறு கணக்குகள். பத்துக்குப் பத்து வந்தவர்களின் ஜாதகத்திலும் சுக்கிரனைச் சனி பார்க்கலாம்.

இனி பார்வை. நம் முறையில் எல்லாக் கிரகங்களும் தான் நின்ற ராசியிலிருந்து 7ஆம் ராசியை முழுமையாகப் பார்க்கும். கூடுதலாகச் செவ்வாய்க்கு 4, 8; குருவுக்கு 5, 9; சனிக்கு 3, 10. எண்ணும்போது கிரகம் நின்ற ராசியையே ஒன்று என்று தொடங்க வேண்டும். புதிதாகப் படிக்கிறவர்கள் அடுத்த ராசியிலிருந்து எண்ணி, ஒரு கட்டம் தள்ளி விழுந்துவிடுகிறார்கள். பார்வைக் கணக்கில் நடக்கும் பிழைகளில் இதுவே முதன்மையானது. இதுவரை நூல்களுக்குள் சண்டை இல்லை. ராகு கேதுவுக்குப் பார்வை உண்டா என்பதில் உண்டு. சிலர் 5, 7, 9 என்பார்கள், சிலர் பார்வையே கிடையாது என்பார்கள். ஜைமினி முறை என்ற இன்னொரு மரபில் கிரகம் இல்லாமல் ராசியே ராசியைப் பார்க்கும், அது தனி வழி. மேற்கத்திய முறையில் ராசியை எண்ணுவதில்லை, பாகையை அளக்கிறார்கள். 0 பாகை சேர்க்கை, 60 செக்ஸ்டைல், 90 ஸ்கொயர், 120 ட்ரைன், 180 எதிர்நிலை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் தாலமி எழுதிவைத்த அடிப்படை இது. 72, 135, 144 பாகைகளைப் பிற்பாடு ஜெர்மன் வானியலாளர் கெப்ளர் சேர்த்தார். அளவு கச்சிதமாக அமையாவிட்டாலும் 6 முதல் 8 பாகை வரை விலக்கம் அனுமதிப்பார்கள். அந்த விலக்கத்தை எவ்வளவு வைப்பது என்பதில் ஆப்புக்கு ஆப்பு மாறுபாடு உண்டு. ஒரு ஆப்பில் இருக்கும் பார்வை இன்னொன்றில் காணாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டுக்கும் இடையில் இன்னொரு அடிப்படை வேற்றுமை இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. மேற்கத்திய ஸ்கொயர் இரு வழிப் பாதை. சனி செவ்வாய்க்கு 90 என்றால் செவ்வாயும் சனிக்கு 90. நம் பார்வை பல நேரம் ஒரு வழிப் பாதை. சனி தன் 10ஆம் பார்வையால் ஒருவரைப் பார்க்கலாம், அவர் சனியைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். ஆப்பில் படித்ததை அப்படியே நம் கட்டத்தில் பொருத்திப் பலன் சொன்னால் தவறாவது இங்கேதான்.

உங்கள் கட்டத்துக்கு வருவோம். 1994 ஜூலையில் சனி கும்பத்தில் இருந்தது. ரிஷப லக்னத்துக்குக் கும்பம் 10ஆம் இடம். அங்கிருந்து சனியின் 3ஆம் பார்வை மேஷத்துக்கு (உங்களுக்கு 12), 7ஆம் பார்வை சிம்மத்துக்கு (4), 10ஆம் பார்வை விருச்சிகத்துக்கு (7). சிம்மத்தில் உங்கள் சுக்கிரன். ஆகவே ஜோதிடர் சொன்ன இரண்டு பார்வைகளும் கணக்குப்படி சரி. சுக்கிரன் சிம்மத்தில் பகை வீட்டில் இருப்பதும் சேர்ந்துகொள்கிறது. சனிக்கும் சுக்கிரனுக்கும் இடைவெளி பாகைக் கணக்கிலும் ஏறத்தாழ 180, விலக்கம் 5 பாகைக்குள். அதனால் மேற்கத்திய முறையிலும் இது எதிர்நிலைதான். உங்கள் ஜாதகத்தில் இரு முறைகளும் ஒத்துப்போகும் முக்கியமான செய்திகளில் ஒன்று இது. இதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் பார்வை இருக்கிறது என்பது பாதி வேலைதான். யார் பார்க்கிறார், அந்த லக்னத்துக்கு அவர் யார், எந்த வீட்டில் நின்று பார்க்கிறார் என்ற மூன்றையும் கேட்காமல் பலன் சொல்லக் கூடாது. ரிஷப லக்னத்துக்குச் சனி 9க்கும் 10க்கும் உடையவர், அதாவது நன்மை செய்யும் யோககாரகர். இங்கே அவர் கும்பத்தில், தனக்கு வலுத் தரும் மூலத்திரிகோண ராசியில், கேந்திரத்தில் (1, 4, 7, 10ஆம் இடங்களில் ஒன்றில்) நிற்கிறார். சச யோகம் என்பது இதைத்தான். சனியும் சுக்கிரனும் ஒருவருக்கொருவர் நட்புக் கிரகங்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். இப்படிப்பட்ட சனி 7ஐயும் சுக்கிரனையும் பார்த்தால் மரபு சொல்வது தாமதம், பொறுப்பு, நிதானம், வயதிலோ மனத்திலோ முதிர்ந்த துணை. அடிமை வாழ்க்கை என்று அதில் எழுதியில்லை. இதே சனி மேஷத்தில் நீசமாக, அதாவது பலம் குறைந்து நின்று 7ஐப் பார்க்கும் கடக லக்ன ஜாதகத்தில் நான் இவ்வளவு எளிதாகப் பேச மாட்டேன். அங்கே அவர் 7, 8க்கு உடையவர், தன் வீடான மகரத்தையே நீச நிலையிலிருந்து பார்க்கிறார், கணக்கு வேறு. இரண்டு ஜாதகத்துக்கும் சேர்த்து "சனி 7ஐப் பார்க்கிறது" என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லி அனுப்புவது நியாயமில்லை.

உங்கள் ஜோதிடர் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. உங்கள் செவ்வாய் ரிஷபத்தில், லக்னத்திலேயே இருக்கிறது. ரிஷப லக்னத்துக்கு 7ஆம் அதிபதி செவ்வாய்தான். அது 7ஆம் பார்வையால் தன் சொந்த வீடான விருச்சிகத்தைப் பார்க்கிறது. வீட்டுக்கு உடையவன் தன் வீட்டைப் பார்த்தால் அந்த வீட்டுக்குப் பலம் என்பது அடிப்படைப் பாடம். சனியின் பார்வையை மட்டும் சொல்லி இதைச் சொல்லாமல் விடுவது, வரவைச் சொல்லாமல் செலவை மட்டும் படிப்பது போலத்தான். குரு துலாத்தில், 6இல் இருக்கிறார். 7ஐப் பார்க்கவில்லை. 9ஆம் பார்வையால் உங்கள் குடும்ப ஸ்தானமான மிதுனத்தைப் பார்க்கிறார். மோசமில்லை, பெரிதாகக் கொண்டாடவும் வேண்டாம்.

லக்னத்தில் செவ்வாய் நின்று 4ஆம் பார்வையால் சுக்கிரனைப் பார்க்கிறது. இதைத்தான் உங்கள் ஜாதகத்தின் சுதந்திரக் கேள்வியோடு நேராகச் சேர்த்துப் படிப்பேன். லக்னாதிபதி சுக்கிரன் என்பது நீங்கள்தான். அவரை ஒரு பக்கம் செவ்வாய் பார்த்து "இப்போதே, என் விருப்பப்படி" என்கிறது. எதிர்ப்பக்கம் சனி பார்த்து "பொறு, கடமை இருக்கிறது" என்கிறது. நம் மரபில் சுதந்திரத்துக்கென்று ஒதுக்கிய கிரகம் கிடையாது. லக்னமும் லக்னாதிபதியும் தன்னிலையைச் சொல்லும், 3ஆம் இடம் சொந்த முயற்சியையும் துணிவையும், 12 தனிமையையும் விலகலையும். அப்படிப் படித்தால், கட்டுப்பாடு வெளியிலிருந்து வருகிறவர் கொண்டுவருவதாக மட்டும் இங்கே தெரியவில்லை. வேண்டும் என்பதும் கூடாது என்பதும் உங்களுக்குள்ளேயே வலுவாக இருப்பதாகப் படிக்கலாம். இது விளக்கம் மட்டுமே. உங்களுக்குப் பொருந்துகிறதா என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஆப்பில் உங்கள் தேதியைப் போட்டால் டி-ஸ்கொயர் என்று சிவப்புக் கோட்டில் ஒரு முக்கோணம் காட்டும். சுக்கிரன் சனிக்கு 180, செவ்வாய் இரண்டுக்கும் 90. பயப்படாதீர்கள். நம் முறையில் அந்த முக்கோணத்தின் மூன்று பக்கங்களில் ஒன்று இல்லாமல் போகிறது. கும்பச் சனியின் பார்வை ரிஷபத்தில் விழுவதில்லை, ரிஷபச் செவ்வாயின் பார்வை (சிம்மம், விருச்சிகம், தனுசு) கும்பத்தில் விழுவதில்லை. ஒரே வானம்தான், ஒரு முறை மூன்று மோதல்களைக் காண்கிறது, இன்னொரு முறை இரண்டைக் காண்கிறது.

பிறந்த நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் மேலே சொன்னதில் பாதி அதில்தான் நிற்கிறது. லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ராசி, ஒரு பாகைக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் என்று நகரும். அந்தத் தேதியில் தமிழ்நாட்டில் ரிஷபம் சுமாராக ஒன்றரை மணியிலிருந்து மூன்றரை மணி வரை உதயமாகும். 2.10 என்பது நடுவில் இருப்பதால் பத்து நிமிடம் பிசகினாலும் லக்னம் மாறாது. ஒருவேளை ஆஸ்பத்திரிச் சீட்டில் 3.40 என்று இருந்தால் மிதுன லக்னமாகிவிடும். சனி 9ஆம் இடத்துக்குப் போய், அதன் பார்வை 11, 3, 6இல் விழும். 7ஐச் சனி பார்க்கிறது என்ற பேச்சே அடிபட்டுப்போகும். ஆனால் சுக்கிரனைச் சனி பார்ப்பது மாறாது, ஏனென்றால் அது கிரகத்துக்கும் கிரகத்துக்கும் உள்ள தொடர்பு, நாள்கணக்கில் நீடிக்கும். நேரம் உறுதியில்லாத ஜாதகத்தில் கிரகம் கிரகத்தைப் பார்ப்பதை மட்டும் எடுங்கள், கிரகம் வீட்டைப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். ஒரு ராசியை ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கும் நவாம்சம் இன்னும் நுணுக்கம். லக்ன நவாம்சம் சராசரியாகப் பதின்மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை மாறும். குத்துமதிப்பான நேரத்தை வைத்து நவாம்ச லக்னத்தில் பலன் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பஞ்சாங்கமும் பார்க்க வேண்டும். பழைய வாய்பாட்டுக் கணக்கான வாக்கியத்துக்கும், இன்றைய வானியல் கணக்கான திருக்கணிதத்துக்கும் சனியின் நிலையில் சில பாகை வித்தியாசம் வரும். சனி கும்பத்துக்கு வந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி, வாக்கியப்படி 2023 டிசம்பர். அந்த இடைப்பட்ட மாதங்களில் பெரும்பாலான நாள்களில் பிறந்த குழந்தைக்கு ஒரு பஞ்சாங்கத்தில் சனி மகரத்திலும் இன்னொன்றில் கும்பத்திலும் இருக்கும், பார்வைகள் அத்தனையும் மாறும். உங்கள் சனி கும்பத்தில் 18 பாகையை ஒட்டி, ராசியின் நடுப்பகுதியில் இருப்பதால் மாற வாய்ப்பு குறைவு. இருந்தாலும் இருவர் ஜாதகமும் ஒரே பஞ்சாங்கத்தில் கணித்தவைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெண் ஜாதகம் வாக்கியம், பையன் ஜாதகம் திருக்கணிதம் என்று வைத்துக்கொண்டு பொருத்தம் பார்ப்பது இன்றும் நடக்கிறது.

இப்போது அவர். ஆப் பயன்படுத்துவது, வசந்த சமநாள் புள்ளியிலிருந்து ராசிகளை அளக்கும் சாயன முறை. நாம் பயன்படுத்துவது, நட்சத்திரங்களை வைத்து அளக்கும் நிராயண முறை. இரண்டுக்கும் உள்ள இடைவெளியான அயனாம்சம் இப்போது சுமார் 24 பாகை. ராசிக்கு 30 பாகைதான் என்பதால் ஐந்தில் நான்கு பேருக்கு ஒரு கிரகத்தின் ராசி மாறிவிடும். 1992 ஏப்ரல் மூன்றாம் வாரத்தின் கடைசியில் சாயனப்படி சுக்கிரன் மேஷத்தில் 17 பாகையை ஒட்டியும் யுரேனஸ் மகரத்தில் 18 பாகையை ஒட்டியும் இருந்தன. ஆப் சொன்ன 90 பாகை சரிதான். அதே சுக்கிரனை நிராயணத்துக்கு மாற்றினால் மீனத்தில் வந்து விழுகிறது, அது சுக்கிரன் மிகுந்த பலம் பெறும் உச்ச ராசி. ஒருவர் "உறவில் நிலைக்காதவர்" என்கிறார், இன்னொருவர் "சுக்கிரன் உச்சம், மனைவியைத் தாங்குவார்" என்பார். இரண்டும் ஒரே மனிதரைப் பற்றி, ஒரே வானத்தை வைத்துச் சொன்னவை. இரண்டையுமே அவருடைய குணச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

யுரேனஸ் விஷயத்தில் நான் உறுதியாகவே பேசுவேன். அது 1781இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த கிரகம். நம் பழைய நூல்களில் அதற்குப் பார்வையும் இல்லை, பலனும் இல்லை. மேற்கில்தான் அதற்குச் சுதந்திரம், திடீர் மாற்றம், முறிவு என்ற பொருள்களைக் கொடுத்தார்கள். சூரியனைச் சுற்ற 84 ஆண்டு, ஒரு ராசியில் ஏறத்தாழ 7 ஆண்டு. சாயனக் கணக்கில் 1988 முதல் 1996 தொடக்கம் வரை, இடையில் சில மாதங்கள் நீங்கலாக, அது மகரத்திலேயே இருந்தது. உங்களுக்கும் மகரம்தான், அவருக்கும் மகரம்தான், உங்கள் வகுப்பில் படித்த எல்லாருக்கும் அநேகமாக மகரம்தான். சுக்கிரன் நாளுக்கு 1 பாகைக்குச் சற்று மேல் நகர்வதால், 8 பாகை விலக்கம் வைத்தால் 1992 ஏப்ரலில் சுமார் பதின்மூன்று நாள் உலகத்தில் பிறந்த அத்தனை பேருக்கும் இந்த ஸ்கொயர் இருக்கும். அவருடைய சுக்கிரனுக்கும் உங்கள் யுரேனஸுக்கும் ஸ்கொயர் என்று ஜோடிப் பொருத்தப் பக்கத்தில் ஆப் காட்டியிருந்தால், அதுவும் இதே தலைமுறைச் சங்கதிதான், உங்கள் இருவருக்கும் உரிய தனிச் செய்தி ஒன்றுமில்லை.

ஐந்து பார்வைகளையும் எடுத்துக்கொண்டு, நான்குக்கு 8 பாகையும் செக்ஸ்டைலுக்கு 6 பாகையும் விலக்கம் வைத்துக் கூட்டினால், 360இல் 120 பாகை வந்துவிடுகிறது. அதாவது மூன்றில் ஒருவருக்குச் சுக்கிரன்–யுரேனஸ் தொடர்பு ஏதாவது ஒன்று இருக்கும். நம் முறையிலும் இதே கணக்கு வருகிறது. சனி 7இல் இருந்தாலும், 1, 5, 10இல் இருந்தாலும் 7ஆம் இடத்தைத் தொடும், பன்னிரண்டில் நான்கு, மூன்றில் ஒருவர். மூன்றில் ஒரு பெண் கட்டுப்பெட்டி வாழ்க்கைக்கென்று பிறந்தவள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வோமா? செவ்வாய் தோஷத்தையும் இப்படிப் பாருங்கள். 2, 4, 7, 8, 12 என்று நாம் சொல்லும் இடங்களில் 4இல் நிற்கும் செவ்வாயின் 4ஆம் பார்வையும், 12இல் நிற்பதின் 8ஆம் பார்வையும் 7இல் விழுகின்றன. 8இல் நிற்பது 2ஐப் பார்க்கிறது. தோஷம் என்பதே பெரும்பாலும் ஒரு பார்வைக் கணக்குதான். லக்னத்திலிருந்து மட்டும் எண்ணினாலே பன்னிரண்டில் ஐந்து பேருக்கு இருக்கும். லக்னம், சந்திரன், சுக்கிரன் மூன்றிலிருந்தும் எண்ணி ஏதாவது ஒன்றில் இருந்தால் போதும் என்றால், மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக் கணக்கிட்டால் நூற்றுக்கு எண்பது பேருக்கு வரும். எண்பது பேருக்கு இருப்பதை வைத்து ஒருவரைத் தள்ளுவது முறையல்ல. உங்களுக்குச் செவ்வாய் லக்னத்தில், சுக்கிரனுக்கு 10இல். நம் பக்கத்து வழக்கப்படி இந்த இரண்டிலிருந்தும் தோஷம் இல்லை. வடக்கே 1ஆம் இடத்தையும் சேர்ப்பார்கள்.

ஆப் அவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. அதே நாள்களில் சனி சாயனப்படி கும்பத்தில் 17 பாகையை ஒட்டி இருந்தது, சுக்கிரனுக்கு 60 பாகை. மேற்கத்தியர் இதை உறவில் பொறுமை, சொன்ன சொல்லைக் காப்பது என்று படிப்பார்கள். நிராயணப்படி சனி மகரத்தில் ஆட்சியாக (சொந்த வீட்டில்) நின்று 3ஆம் பார்வையால் மீனச் சுக்கிரனைப் பார்க்கிறது. அவருக்கும் சுக்கிரன் மேல் சனி பார்வைதான். இரு முறையிலும் சனியின் பிடி இருக்கிறது. இருவருக்கும் ஒரே மாதிரி இருப்பதைச் சமம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். நிலைக்காதவர் என்ற தீர்ப்புக்கு இது நேர் எதிர்ச் சாட்சி.

இரண்டு கட்டங்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், அவருடைய சுக்கிரன் உங்கள் லக்னத்துக்கு 11இல் விழுகிறது, உங்கள் சனியின் பார்வை அதில் படவில்லை. அவருடைய சனி உங்கள் லக்னத்தையும் பார்க்கவில்லை, சுக்கிரனையும் பார்க்கவில்லை. மாறாக, உங்கள் சனியின் 3ஆம் பார்வை மேஷத்தில் உச்சமாக நிற்கும் அவருடைய சூரியன் மேல் விழுகிறது. விதிப்படி படித்தால், இந்த ஜோடியில் இறுக்கத்தை உணர வாய்ப்புள்ளவர் அவர். நீங்கள் பொறுப்பு, ஒழுங்கு என்று நினைத்துச் செய்வது அவருக்குத் தன்னை அடக்குவதாகத் தோன்றலாம். உங்கள் சுதந்திரத்தைப் பற்றிக் கவலைப்பட்டு வந்தீர்கள், கட்டம் அவருடையதைப் பற்றியும் யோசிக்கச் சொல்கிறது. ஆனால் இரு ஜாதகங்களைக் குறுக்காகப் பார்க்கும் இந்த முறைக்கு, ஒரே ஜாதகத்துக்குள் பார்க்கும் பார்வைக்கு உள்ள அளவு நூல் ஆதாரம் நம் மரபில் இல்லை. நடைமுறையில் செய்கிறோம், அவ்வளவுதான்.

இனி நேர்மையாகச் சொல்ல வேண்டியது. மேலே கிரக நிலைகளும் விதிகளும் உறுதியானவை, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். அந்த விதிகள் வாழ்க்கையில் பலிக்கின்றனவா என்பது வேறு கேள்வி. மனநல மருத்துவர் கார்ல் யுங், தம்பதிகளுக்கு இடையிலான கிரகத் தொடர்பையே எடுத்து எண்ணிப் பார்த்து 1952இல் வெளியிட்டார். முதல் 180 தம்பதிகளில் பெண்ணின் சந்திரனும் ஆணின் சூரியனும் சேர்ந்திருப்பது முன்னுக்கு வந்தது. அடுத்த 220இல் சந்திரனும் சந்திரனும். கடைசி 83இல் சந்திரனும் லக்னமும். தொகுதிக்குத் தொகுதி விடை மாறியது, எல்லாவற்றையும் சேர்த்தபோது தற்செயலின் அளவுக்குக் கரைந்துபோனது. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து ஆய்வாளர் டேவிட் வோயஸ் சுமார் ஒரு கோடித் தம்பதிகளை ஆராய்ந்தார். எந்த ராசிக்காரர் எந்த ராசிக்காரரை மணக்கிறார் என்பதில் ஜோதிடம் சொல்லும் ஈர்ப்பு எதுவும் தென்படவில்லை. அது சூரிய ராசி மட்டும், பார்வையைச் சோதிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் பார்வை பலிக்கிறது என்று காட்டும் நம்பத்தகுந்த சோதனையை எடுத்துக்காட்ட என்னால் முடியாது. எனவே ஜாதகத்தைத் தீர்ப்பாக எடுக்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைவூட்டும் பட்டியலாக அது பயன்படும், பல குடும்பங்களில் பேசாமல் போன பேச்சைத் தொடங்கி வைத்திருக்கிறது.

அப்படியானால் பேச வேண்டியவை எவை? சனி பார்வையை, கடமை யார் தலையில் விழும் என்ற கேள்வியாக மாற்றுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு எங்கே குடியிருப்பது, அவருடைய அப்பா அம்மாவுடனா, தனியாகவா. அவர்களில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் யார் லீவு போடுவது. உங்கள் பெற்றோருக்கு மாதாமாதம் நீங்கள் அனுப்பும் பணம் தொடருமா. சம்பளக் கணக்கு தனியா, சேர்த்தா. வேறு ஊருக்கு மாற்றல் வந்தால் யார் வேலையை யார் விட்டுக்கொடுப்பது. குழந்தை எப்போது, பிறந்த பிறகு நீங்கள் எத்தனை மாதத்தில் வேலைக்குத் திரும்புவது. செவ்வாய் பார்வையை, கோபம் வந்தால் இருவரும் எப்படி நடந்துகொள்வீர்கள் என்ற கேள்வியாக மாற்றுங்கள். ஒரு சண்டைக்குப் பிறகு அவர் எத்தனை நாள் பேசாமல் இருக்கிறார், யார் முதலில் வருகிறார்கள், நண்பர்களோடு வெளியே போனால் எத்தனை முறை போன் வருகிறது, உங்கள் போனைக் கேட்கிறாரா. கேட்டதும் வாயால் சொல்லும் பதிலைவிட, நீங்கள் "முடியாது" என்று ஒன்றை மறுக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள். மிரட்டல், பண விஷயத்தில் ஒளிவு, உங்கள் நட்புகளைத் துண்டிக்கச் சொல்வது இவற்றில் ஒன்று தெரிந்தாலும், சுக்கிரன் உச்சமாக இருந்தாலும் வேண்டாம். இவை எதுவும் இல்லை, பேச்சு நேராக இருக்கிறது என்றால், சனி பார்வைக்காக நல்ல மனிதரை விட வேண்டாம்.

மறுபடி ஜோதிடரிடம் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பஞ்சாங்கம், எந்த அயனாம்சம்? பார்க்கும் கிரகம் என் லக்னத்துக்கு எந்த வீட்டுக்கு உடையவர், என்ன பலத்தில் இருக்கிறார்? அந்தப் பார்வை எந்த தசா புத்தியில், அதாவது எந்தக் கிரகத்தின் காலத்தில் பேசும்? பார்வை ஆயுள் முழுக்க ஒரே அளவில் வேலை செய்யும் என்று எந்த நூலும் சொல்லவில்லை, அந்தக் கிரகங்களின் தசையிலும் புத்தியிலும்தான் அதன் பலனை எதிர்பார்ப்பார்கள். மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுப் பேசுபவரிடம் உட்கார்ந்து கேட்கலாம். மூன்றையும் தாண்டி நேராகப் பல ஆயிரம் ரூபாய்ப் பரிகாரத்துக்குப் போனால் எழுந்து வந்துவிடுங்கள். சனிக்கு மரபு சொல்லும் வழிபாடு சனிக்கிழமை எள் தீபமும் ஏழைக்குச் சோறும்தான், அதற்குப் பட்டியல் போட்டுக் கட்டணம் வாங்க வேண்டியதில்லை. அவருடைய பிறந்த நேரம் அவருடைய அம்மாவுக்கு நினைவிருக்கலாம், ஆஸ்பத்திரிச் சீட்டு வீட்டில் இருக்கலாம். கிடைத்தால் இங்கேயே எழுதுங்கள், அவருடைய 7ஆம் இடத்தையும் பார்த்துச் சொல்கிறேன்.